வில்லன் யார்?

திரையில் அவன் தோன்றிய மாத்திரத்திலேயே கொட்டகைக்குத் தெரிந்துவிடும். பி.எஸ். வீரப்பாவின் இடிச்சிரிப்பு ஒரு காலம், எம்.என். நம்பியார் கையைக் கையால் பிசைந்தபடி பார்த்த பார்வை ஒரு காலம். கதையில் அவனுக்கு எப்பெயர் இருப்பினும் மக்கள் அவனுக்கு இட்ட பெயர் ஒன்றே: வில்லன்! பல கதைகளிலே அவன் ஊர்ப் பண்ணையார்; அல்லது ஜமீன்தார்; அல்லது ஆலை முதலாளி. ஏழையின் நிலத்தைப் பறிப்பான், எதிர்த்தவன் குடிசைக்குத் தீ வைப்பான், இறுதியில் வீழ்வான். கொட்டகையில் கைதட்டல் எழும்.

கைதட்டும் தோழனுக்கு ஒரு செய்தி உண்டு. 'வில்லன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெற்றெடுத்தவர்கள் அதைப் பண்ணையாருக்குச் சூட்டவில்லை. பண்ணையாளுக்குச் சூட்டினார்கள்!

இலத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை மாளிகை. அந்தப் பண்ணையைச் சார்ந்து உழுதவன் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு மொழியில் அது 'விலேன்' ஆயிற்று. 1066-இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியத்தின் கூட்டத்தார், வாளோடும் வரியோடும் அச்சொல்லையும் கொண்டுவந்து இறக்கினர். இருபதாண்டு கழித்து, 1086-இல், வென்ற நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆள் என்று கணக்கெடுத்து எழுதினார்கள். 'டூம்ஸ்டே' ஏடு என்று அதற்குப் பெயர். அதிலே பதிவான மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் 'வில்லன்'கள். ஒரு நாட்டில் இத்தனை கொடியவர்களா என்று மலைக்கவேண்டாம். அவர்கள் உழவர்கள்.

எப்படிப்பட்ட உழவர்கள்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆண்டையின் வயலில் கூலியின்றி உழைக்கவேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் உழைக்கவேண்டும். தன் கதிர் தன் வயலில் உதிர்ந்து கிடக்க, ஆண்டையின் கதிரை முதலில் அறுக்கவேண்டும். மகளுக்கு மணம் முடிக்க ஆண்டையின் இசைவு வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. குடும்பத் தலைவன் இறந்தால், ஈரம் காயாத கண்களோடு நிற்கும் வீட்டாரிடமிருந்து தொழுவத்தின் சிறந்த மாட்டை ஆண்டை ஓட்டிச் செல்வான். அதுவும் சட்டம்! ஊரை விட்டு நீங்க உரிமையில்லை. ஆண்டை மீது அரசனின் மன்றத்தில் வழக்குரைக்கவும் உரிமையில்லை.

கொடுமை செய்தவன் யார், கொடுமைக்கு ஆளானவன் யார் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் விடை சொல்வான். ஆங்கில மொழியோ நேர்மாறாகச் சொல்லிற்று. 'வில்லன்' என்றால் முதலில் பண்ணையாள். பிறகு பண்படாத முரடன். பிறகு இழிந்த எண்ணம் உடையவன். கடைசியில் கொடுஞ்செயல் புரிபவன். மாளிகை விருந்திலே பாடிய பாணர்களும், ஆலய மேடையிலே உபதேசித்த பாதிரிமார்களும் சேர்ந்து நடத்திய நீண்ட நாள் வேலை அது. உழவன் அழுக்கன், உழவன் கோழை, உழவன் சூதுக்காரன் என்று ஓதி ஓதி, உழவன் என்ற சொல்லே கயவன் என்ற சொல்லாயிற்று. பின்னாளில் பண்ணையாளுக்கு ஓர் எழுத்து முறை, கயவனுக்கு ஓர் எழுத்து முறை என்று அகராதியில் இரண்டாகப் பிரித்துவைத்தனர். எழுத்து இரண்டு, பிறவி ஒன்றே.

இன்று நம் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் வருகிறது: கடற்கரைச் சாலையில் நீச்சல் குளத்துடன் 'வில்லா' வீடுகள்! மாளிகையின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் மாளிகையாகவே நிற்கிறது. அதன் வயலில் வியர்வை சிந்தியவனின் பெயர்தான் வசையாயிற்று.

இது ஏதோ ஒரு சொல்லுக்கு நேர்ந்த விபத்து என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. ஒரு கூட்டமே இருக்கிறது. 'சர்ல்' என்பது பழைய ஆங்கிலத்தில் அடிமையல்லாத எளிய குடிமகன். இன்றோ, அச்சொல்லுக்குப் பொருள் பண்பற்ற முரடன். 'பூர்' என்பது டச்சு மொழியில் உழவன். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினர் தம்மைப் பெருமையோடு அழைத்துக்கொண்ட 'போயர்' என்ற பெயரும் அதுவே. ஆங்கிலத்தில் அது நாகரிகம் தெரியாதவன். 'வல்கர்' என்றால் ஆபாசமானது, அருவருப்பானது. அதன் வேரோ, 'பொதுமக்கள்' என்று பொருள்படும் இலத்தீன் சொல். பொதுமக்களுக்குரியது எதுவோ அது ஆபாசம்! (கிறித்தவர்களின் புனித நூலுடைய இலத்தீன் வடிவத்துக்கு 'வல்கேட்' என்று பெயர் இருப்பதும் இதே வேரிலிருந்துதான் என்பதை இங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை.) இழிந்தவன், கஞ்சன் என்று பொருள்படும் 'மீன்' என்ற சொல்லும் முதலில் 'பொதுவானது' என்றே பொருள்பட்டது.

'ராஸ்கல்'! இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் அறிமுகம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் நாவிலும் தவழும் ஆங்கிலம் அது. வகுப்பாசிரியர் மாணவனைத் திட்டுவதும் அதனால். காவலர் வண்டிக்காரரைத் திட்டுவதும் அதனால். பாட்டி பேரனைக் கொஞ்சுவதும் சில வேளை அதனால். பழைய பிரெஞ்சில் அதற்குப் பொருள், பெயர் இல்லாத கீழ்நிலைக் கும்பல். படையின் பின்னே செல்லும் எளியோர் திரள். ஒருவனை 'ராஸ்கல்' என்று ஏசும்போது, 'நீ பொதுஜனம்' என்றுதான் ஏசுகிறோம்.

பகுத்தறிவாளர் நின்று பார்க்கவேண்டிய சொல் ஒன்று உண்டு: 'லூட்'. இன்று அதற்குக் காமவெறி பிடித்த, ஒழுக்கங்கெட்ட என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள், 'பாதிரியல்லாதவன்'. அவ்வளவே! மதகுரு அல்லாத எல்லா மனிதரும் 'லூட்'. மதகுருவுக்கே எழுத்து உரியதாக இருந்தமையால் அச்சொல் 'எழுத்தறிவில்லாதவன்' என்றாயிற்று. எழுத்தறிவில்லாதவன் கீழானவன், கீழானவன் கெட்டவன், கெட்டவன் காமுகன். இப்படியாகப் படிகள் இறங்கின. மறுபுறம், இலத்தீனில் மதகுருவைக் குறித்த சொல்லே 'கிளார்க்' ஆகி நம் அலுவலகங்களில் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறது. இந்த வேறுபாடு நாவளவில் நிற்கவில்லை. தூக்குமேடை வரைக்கும் சென்றது. குற்றவாளி வாசிக்கத் தெரிந்தவனென்றால் அவன் மதகுரு வகுப்பைச் சேர்ந்தவன் என்று கொண்டு, முதற்குற்றத்துக்குத் தூக்கு இல்லை என்று விடுவித்த சலுகை இங்கிலாந்துச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. வேதத்தில் ஒரு பகுதியை நீதிபதி முன் படித்துக் காட்டினால் கழுத்து தப்பும். அந்தப் பகுதிக்கு மக்கள் வைத்த பெயரே 'கழுத்துச் செய்யுள்'! சூத்திரன் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நம் நாட்டுத் தரும நூல்களைப் படித்தவர்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது. அச்சலுகையை அங்கே 1827-இல் ஒழித்தார்கள். 'லூட்' என்ற சொல்லோ இன்னும் பாதிரியல்லாத மனிதனைக் காமுகன் என்றே கூறிக்கொண்டிருக்கிறது.

கீழ்த்தட்டைப் பார்த்தோம். மேல்தட்டை நோக்குவோம்.

'நோபிள்' என்றால் உயர்ந்த உள்ளம் படைத்தவன். முதற்பொருள், பெயர்பெற்ற குடியிற் பிறந்தவன். 'ஜென்டில்' என்றால் மென்மையானவன், முதற்பொருள், நற்குலத்தான். 'ஜெனரஸ்' என்றால் வாரி வழங்கும் வள்ளல். முதற்பொருள், மீண்டும், உயர்குலத்தான். 'பிராங்க்' என்றால் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவன். ரோமானியர் ஆண்ட கால் நாட்டைப் பிற்காலத்தில் வென்ற பிராங்கு இனத்தாரின் பெயர் அது. வென்ற அவர்களுக்கே அங்கே முழு உரிமை. உண்மையைச் சொன்னால் உதை விழாது என்ற துணிவு யாருக்கு இருந்ததோ அவன் வெள்ளை மனத்தான் எனப்பட்டான்! தோல்வியுற்ற இனத்தின் கதை என்ன? ஐரோப்பாவின் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவ் மக்களைப் பிடித்துப் பிடித்து விற்றார்கள். அவர்கள் இனப்பெயரே 'ஸ்லேவ்' ஆயிற்று. அடிமை என்பதற்கு இன்றும் ஆங்கிலத்தில் அதுவே சொல்.

'லார்டு', 'லேடி' என்ற இரண்டையும் சற்றுப் பிளந்து பார்த்தால் ரொட்டி மணக்கும். பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் காப்பவன் என்ற தொடர் சுருங்கி 'லார்டு'. ரொட்டி மாவு பிசைபவள் என்ற தொடர் சுருங்கி 'லேடி'. அவர்களை அண்டியிருந்த வேலையாளுக்கு 'ரொட்டி தின்பவன்' என்று பெயர். கோதுமையை விளைவித்தவனுக்குத் தின்பவன் என்று பெயர். பூட்டிக் காத்தவனுக்குத் தலைவன் என்று பெயர். மாவு பிசைந்தவளோ, சீமாட்டியான பின் மாவைத் தொட்டதில்லை.

'இதெல்லாம் சொற்களின் இயல்பான போக்கு. சில உயரும், சில தாழும். இதில் வர்க்கமும் வருணமும் எங்கே வந்தன?' என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விடையாக இரட்டைப் பிள்ளைகள் இருவரைக் காட்டலாம். 'நைட்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் பொருள் என்ன? சிறுவன், ஏவலாள். 'நேவ்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? அதுவும் சிறுவன், ஏவலாள்! ஒரே பொருளில் பிறந்த இருவர். ஒருவன் அரசனுக்கு அருகே வாள் ஏந்தி நின்றான். அவன் வீரப்பெருமகனானான், பெயருக்கு முன் 'சர்' பட்டம் பெற்றான். மற்றவன் அடுக்களையிலே தட்டு கழுவினான். அவன் பெயருக்கு அயோக்கியன் என்று பொருள் எழுதினார்கள். இயல்பான போக்கு என்றால் இருவரும் ஒரு திசையில் அல்லவா போயிருக்க வேண்டும்? 'மார்ஷல்' என்ற படைத்தலைவர் பட்டமும் குதிரைக்காரன் என்ற சொல்லே. 'மினிஸ்டர்' என்ற அமைச்சர் பதவியும் பணியாள் என்ற சொல்லே. வேலைக்காரன் என்ற பொருள் ஒரு சொல்லை எப்போதும் தாழ்த்துவதில்லை. யாருக்கு வேலைக்காரன் என்பதே கேள்வி.

பெண்களைக் குறித்த சொற்களுக்கு நேர்ந்த கதி தனி ஏடு எழுதத் தக்கது. 'ஹவுஸ்வைஃப்', இல்லத்தரசி என்ற சொல்லே நாவில் உருண்டு 'ஹஸ்ஸி' ஆகி, அடங்காத கெட்டவளைக் குறித்தது. 'மாஸ்டர்' என்றால் தலைவன். அதன் பெண்பாலாகிய 'மிஸ்ட்ரஸ்' என்றால் ஆசைநாயகி. ஆணின் ஆட்சி எங்கும் ஒரே அகராதியைத்தான் வைத்திருக்கிறது.

இனி, இவற்றின் அடியில் கிடக்கும் அறவினாவுக்கு வருவோம். நல்லது, கெட்டது என்று சொல்கிறோமே, யாருடைய நல்லது? யார் வகுத்த கெட்டது? ஜெர்மன் அறிஞர் நீட்சே 1887-இல் வெளியிட்ட, அறநெறிகளின் பிறப்பை ஆராயும் நூலில் இதைத் தொட்டார். 'கெட்ட' என்பதற்கான ஜெர்மன் சொல்லும், 'எளிய' என்பதற்கான ஜெர்மன் சொல்லும் ஒரே வேரின என்று சுட்டினார். உயர்ந்தோர் தம்மை நல்லவர் என்றனர். தம்மில் தாழ்ந்தோரைக் கெட்டவர் என்றனர். அறத்தின் முதல் அகராதி அப்படித்தான் தொகுக்கப்பட்டது என்றார். கண் கூர்மையான கண்தான். ஆனால் அந்தக் கண் கண்டதும் கலங்கவில்லை, களித்தது! ஆண்டையின் அறமே ஆற்றலின் அறம், எளியோர் அறம் பொறாமையின் அறம் என்று அவர் தீர்ப்புரைத்தார். திருட்டைக் கண்டுபிடித்துவிட்டுத் திருடனின் திறமையைப் பாராட்டிய துப்பறிவாளர்! அவர் கண்டதை ஏற்கலாம். சொன்ன தீர்ப்பை ஏற்க நமக்குக் காரணமில்லை.

ஆங்கில அறிஞர் சி.எஸ். லூயிஸ் 1960-இல் சொற்களைப் பற்றி எழுதிய நூலிலே, தகுதிநிலையைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இப்போக்கை எடுத்துக் காட்டினார். மேற்குடியினருக்காக வாதாடுவோர் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு. 'உயர்குடிப் பிறந்தவனிடம் உலகம் உயர்ந்த ஒழுக்கத்தை எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பே சொல்லில் படிந்தது. இகழ்ச்சி நோக்கமன்று' என்பர். எதிர்பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும். பண்ணையாளிடம் மட்டும் ஏன் கயமையை எதிர்பார்த்தது? தன் மகள் மணத்துக்கு வரி கட்டியவனிடம் பெருந்தன்மைக்கு இடமில்லையென்றும், அந்த வரியை வாங்கியவனிடம் அது நிறைந்திருக்குமென்றும் எந்த அளவுகோலால் முடிவு செய்தார்கள்?

ஆனால் இன்னொரு மறுப்பு உண்டு, அது வலிமையானது. 'சொல்லின் பிறப்பு வேறு, அதன் இன்றைய பொருள் வேறு. இன்று வில்லன் என்பவன் எவனும் உழவனை நினைப்பதில்லை. உயர்குடி என்ற கருத்து கழன்றுபோய், உள்ளத்தின் உயர்வு என்ற பொருள் மட்டும் நின்றதால்தானே, குடிசையில் பிறந்தவனையும் நோபிள் என்று போற்ற முடிகிறது? ஜமீன்தாரையும் வில்லன் என்று தூற்ற முடிகிறது? சொல் ஆண்டையின் கையிலிருந்து தப்பி வந்துவிட்டது. இது விடுதலை அல்லவா?'

இதில் உண்மை இருக்கிறது. பிறப்பைக் கொண்டே ஒருவன் இழிந்தவன் என்போருக்கு நாம் சொல்லும் மறுப்பு எதுவோ, சொல்லின் பிறப்பைக் கொண்டே சொல் இழிந்தது என்போருக்கும் அதுவே மறுப்பு. வேர்ச்சொல்லைக் காட்டி இன்றைய பொருளை மறுப்பது புராணத்தைக் காட்டி வரலாற்றை மறுப்பது போன்றது. ஆயினும் அந்த விடுதலை எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு வரலாறு ஒரு சான்று வைத்திருக்கிறது.

1381, ஜூன் மாதம். கொள்ளைநோயால் மாண்டவர் போக எஞ்சிய உழைப்பாளர்கள் கூலி கூட்டிக் கேட்கக்கூடாதென்று முப்பதாண்டுக்கு முன்பே சட்டமிட்டாயிற்று. அதன்மேல், செல்வனுக்கும் ஏழைக்கும் வேறுபாடு பாராத தலைவரி. கென்ட், எஸ்ஸெக்ஸ் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்து லண்டனை நோக்கி நடந்தனர். வாட் டைலர் தலைவன். ஜான் பால் என்ற எளிய பாதிரி பேச்சாளன். மனித குலத்தின் தொடக்கத்திலே 'ஜென்டில்மேன்' என்று ஒருவன் எங்கே இருந்தான் என்ற கேள்வியை அவன் மக்கள் முன் வைத்தான். வழியெங்கும் பண்ணை மாளிகைகளின் கணக்கேடுகளைக் கொளுத்தினார்கள். யார் யார் பண்ணையடிமை என்று எழுதியிருந்தது அவற்றிலேதான். பண்ணையடிமை ஒழியவேண்டும், ஏக்கருக்கு நான்கு காசு வாரம் போதும் என்பன அவர்கள் கோரிக்கைகள். பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டு இசைந்து பட்டயம் எழுதித் தந்தான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டு திடலில் வாட் டைலர் வெட்டுண்டான். பதினேழாம் நாள், ஜூலை 2-இல், பட்டயம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஜான் பால் தூக்கிலேறினான்.

எஸ்ஸெக்ஸ் மக்கள் லண்டனுக்குள் நுழைந்த வாயில் ஆல்ட்கேட். அந்த வாயிலின் மேல்மாடத்தில் அப்போது குடியிருந்தவர் யார் தெரியுமா? ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் சாசர்! சில ஆண்டுகள் கழித்து அவர் எழுதத் தொடங்கிய 'கான்டர்பரி கதைகள்' நூலிலே, பாத் நகரத்துப் பெண் சொல்லும் கதையில், ஒரு முதியவள் வீரப்பெருமகன் ஒருவனுக்கு அறம் உரைக்கிறாள். உயர்வு பாட்டனிடமிருந்து வரும் சொத்தன்று, நற்செயலால் வருவது என்கிறாள். எவ்வளவு அருமையான கருத்து! பிறப்பால் உயர்வில்லை என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டாளே! அடுத்து அவள் சொல்வதைக் கேளுங்கள். கோமகன் மகனாயினும் கெட்ட செயல் செய்தால் அவன் யார்? 'சர்ல்' என்கிறாள்! அவன் செயல் எத்தகையது? 'வில்லன்' செயல் என்கிறாள்!

பிறப்பு உயர்வு தராது என்று வாதாடுபவளுக்கும், கெட்டவனைக் குறிக்கப் பாட்டாளியின் பெயரைத் தவிர வேறு சொல் அகப்படவில்லை. பண்ணை மாளிகைகளின் ஏடுகளைக் கொளுத்த முடிந்தது. அகராதியைக் கொளுத்த முடியவில்லை. கோமகனைக் கயவன் என்று ஏசும்போதும் அடி விழுவது உழவன் முதுகில். ஒருவன் தப்பு செய்தால் இன்னொருவன் பெயரால் தண்டிக்கப்படுகிறான். அந்த இன்னொருவன் அங்கே இல்லவும் இல்லை. சொல்லின் விடுதலை இதுவென்றால் அது அரைகுறை விடுதலைதான். பண்ணையடிமை முறை பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தில் தேய்ந்து மறைந்தது. ஆள் மறைந்ததால் சொல்லின் அடி இன்று யார் மேலும் விழுவதில்லை. 'வில்லன்' என்ற சொல்லை நாம் கொட்டகையில் கூச்சமின்றிக் கூவலாம். அடிபட ஆள் இல்லை.

அடிபட ஆள் இருக்கும்போது?

அதே ஆங்கில அகராதியிலே தமிழ்ச்சொல் ஒன்று இருக்கிறது. 'பரையா'. பறை முழக்கிய மக்களின் பெயர் போர்ச்சுகீசியர் வாயிலும் பிறகு ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து, பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பா எங்கும் திரிகிறது. அங்கே அதன் பொருள், யாரும் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கிய ஆள். தெருவில் அலையும் நாய்க்கு 'பரையா நாய்' என்று பெயரிட்டனர். உலக ஒழுங்கை மீறிய அரசுகளுக்குப் 'பரையா அரசு' என்று ஆங்கில ஏடுகள் இன்றும் தலைப்பிடுகின்றன. யூத மக்களின் வரலாற்றை எழுதிய மாக்ஸ் வெபர் அவர்களைப் 'பரையா மக்கள்' என்று வகைப்படுத்தினார். புறநானூற்றில் மாங்குடி கிழார் ஓர் ஊரின் பெருமைக்குரிய குடிகளுள் ஒன்றாக எண்ணிச் சொன்ன பெயர் அது! ஆங்கிலம் கற்ற நம் எழுத்தாளரும் அயல்நாட்டுச் செய்தி எழுதும்போது அந்தச் சொல்லை எடுத்தாளுகிறார். அது தன் ஊரின் தெற்குத் தெருவில் வாழும் மனிதரின் பெயர் என்று ஒரு கணம் எண்ணுவாரா?

அந்தப் பெயரை இழிவாகக் கொள்ளாமல் எடுத்து அணிந்தவர்களும் உண்டு. கொடுமை செய்த கணவனை நீங்கி, மணவிலக்கு உரிமையற்ற பிரான்சில் அலைக்கழிந்த ஃப்ளோரா டிரிஸ்டன், 1838-இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் 'பரையா' என்று சொல்லிக்கொண்டார். தொழிலாளர் ஒற்றுமைக்காக நூல் எழுதி ஊர் ஊராகச் சென்று உழைத்தவர் அந்த அம்மையார். இங்கே, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் தாம் தொடங்கிய ஏட்டுக்கே 'பறையன்' என்று பெயரிட்டார். எதிரி கல்லென எறிந்ததைக் கொடியாக உயர்த்திய செயல் அது. வேறொரு வழி கண்டோரும் இருந்தனர். எம்.சி. ராஜா போன்றோர் முயற்சியால் 1922-இல் சென்னை மாகாண ஆட்சி, அரசு ஏடுகளில் பழைய பெயர்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. ஏற்பதா, மாற்றுவதா என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இருந்தது. அதை முடிவு செய்யும் உரிமை அம்மக்களுக்கே உரியது. பிறருக்கு அதில் எஞ்சியிருக்கும் கடமை, தம் வாயைக் கவனிப்பது.

கவனிக்கிறோமா? ஆங்கிலேயன் அகராதியைக் குறை கூறிவிட்டு எழுந்துபோவது எளிது. நம் நாவில் புரளும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். குழந்தையை அடித்தவனைக் கண்டால், 'அட சண்டாளா!' என்கிறோம். துரோகம் செய்தவனைச் 'சண்டாளப் பாவி' என்கிறோம். மேடையிலே மிராசுதாரின் அநீதியைச் சாடும் தோழர், ஆவேசத்தின் உச்சியில் வீசுவதும் இச்சொல்லைத்தான். சண்டாளன் யார்? மனுநூலின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டினால் தெரியும். ஊருக்கு வெளியே குடியிருக்கவேண்டியவன். பிணத்தின் துணியை உடுத்தவேண்டியவன். உடைந்த கலத்தில் உண்ணவேண்டியவன். இரும்பையே அணியாகப் பூணவேண்டியவன். அவன் செய்த குற்றமாக மனு எதைச் சொல்கிறார்? சூத்திரத் தந்தைக்கும் பார்ப்பனத் தாய்க்கும் பிறந்ததை! சாத்திரத்தைக் கொளுத்தத் துணிந்த கையை உயர்த்தியபடியே, அந்தச் சாத்திரம் யாரை ஊருக்கு வெளியே தள்ளியதோ அவன் பெயரால் ஆண்டையைத் திட்டுகிறோம். பாத் நகரத்துப் பெண்ணின் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு ஒன்று உண்டு. அது நம்மை இன்னும் கூச வைப்பது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதியினர் பட்டியலில் அப்பெயர் இன்றும் இருக்கிறது. 2024-இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான மாநில ஆணையம், திரைப்படத்திலும் மேடையிலும் பாடலிலும் அச்சொல்லை வசையாக வழங்கக்கூடாது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பகுத்தறிவு இயக்கம் பிறந்து நூறாண்டு ஆகும் நாட்டில்!

'கோபத்துக்கு ஒரு சொல் வேண்டாமா?' என்று கேட்கும் தோழர்க்கு மொழியே விடை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ராங்' என்றால் தவறு. அதன் அடிப்பொருள், முறுக்கிக் கோணியது. 'ரைட்' என்றால் சரி, அடிப்பொருள், நேரானது. இவை எந்தக் குடியின் பெயரும் அல்ல. தமிழில் 'கொடு' என்றால் வளைவு. கொடியவன், கொடுமை, கொடுங்கோல் என்ற சொற்கள் அதிலிருந்து கிளைத்தவை. நேராக நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். அரியணையில் இருப்பவனையும் நிறுத்தி அளக்கும் சொற்கள் இவை. மிராசுதாரைச் சாட எழும் தோழரின் பையில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் நிற்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.